தீர்த்தமும் சாக்கடையும்
(திருப்பனந்தாளில் செய்த சொற்பொழிவு)



இவ்வூர் மடத்துக்குக் காசி மடம் என்று பெயர். ஆகையால் காசியிலிருந்தே பேச்சைத் துவக்குகிறோம். பாவத்தைப் போக்குவது கங்கை என்கிறார்கள். அந்தக் கங்கையின் அழுக்கைப் போக்க 1986-இல் சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. அது போதாமல் 2014-இல் 20,000 கோடி ரூபாயில் இன்னொரு திட்டம் வந்தது. பாவத்தைக் கழுவுகிற ஆற்றைக் கழுவ நம் வரிப்பணம் வேண்டுமென்றால் அதன் மகிமை எங்கே போயிற்று?

காசியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. காவிரியைத் தாய் என்கிறோம். ஆடிப் பதினெட்டில் பூவும் காதோலை கருகமணியும் விடுகிறோம். மற்ற நாளெல்லாம் விடுவது சாக்கடை! திருச்சியில் உய்யக்கொண்டான் என்னும் சோழர் காலத்துப் பாசன வாய்க்கால் பல்லாண்டுகளாக நகரத்துக் கழிவைச் சுமந்து வந்திருக்கிறது. பெற்ற தாய்க்கு யாராவது இப்படிச் செய்வார்களா?

"சாக்கடைத் தண்ணீர் பயிருக்கு உரந்தானே?" என்று சில மிராசுதாரர்கள் கேட்கலாம். உரம் இருப்பது வாஸ்தவம். ஆனால் தழைச்சத்து மிஞ்சினால் நெல் இலையாக வளர்ந்து, சாய்ந்து, பதராகும். சோப்புக் காரமும் உப்பும் களிமண்ணை இறுக்கிவிடும். பட்டறைக் கழிவும் சேர்ந்தால் ஈயம், குரோமியம் முதலியவை மண்ணிலேயே தங்கிவிடும். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுவதால் மீனும் சாகும்.

எல்லாவற்றிலும் பெரிய கேடு யாருக்கு? நிலத்துக்காரர் வரப்பில் குடை பிடித்து நிற்கிறார். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவள் கூலிக்காரப் பெண். மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து கொக்கிப்புழு கால்தோல் வழியே ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சுகிறது. அவள் சோகை பிடித்து வெளுத்தால் "தலைவிதி" என்கிறார்கள்!

வாந்திபேதிக்கும் இப்படித்தான் காளி, மாரி என்று காரணம் சொன்னோம். 1884-இல் காக் என்ற ஜெர்மானிய டாக்டர் கல்கத்தாவில் குளத்துத் தண்ணீரில் அக்கிருமியைக் காட்டினார். நம்மைக் காப்பாற்றியது ஊற்றின கூழா, சுத்தமான தண்ணீரா? யோசித்துப் பாருங்கள்.

தண்ணீரைக் கெடுப்பதைத் தடுக்க 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. குளிக்கிற தண்ணீரில் 100 மில்லி லிட்டருக்கு மலக்கிருமி 2,500-க்கு மேல் கூடாதென்று விதியும் இருக்கிறது. ஆகையால் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கும்பாபிஷேகத்துக்கு என்ன தருவீர் என்று கேட்காதீர்கள். "நம் ஆற்றைச் சோதித்த கணக்கு எங்கே? சுத்தம் செய்யாத சாக்கடை எந்த இடத்தில் விழுகிறது? அதை என்றைக்கு நிறுத்துவீர்?" என்று கேளுங்கள்.

மந்திரம் கிருமியைக் கொல்லாது. தண்ணீரைத் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொள்ளுமுன் அறிவைக்கொண்டு சோதியுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.