புயலுக்குப் பயப்படும் பிள்ளை

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பட்டுக்கோட்டைப் பகுதி விவசாயி ஒருவர் பேசியது)



ஐப்பசி பிறந்துவிட்டால் நாம் வாய்க்காலைப் பார்க்கிறோம், வரப்பைப் பார்க்கிறோம், கூரையைப் பார்க்கிறோம். வீட்டுக்குள்ளே இருக்கிற ஒன்றை மட்டும் பார்க்க மறந்துவிடுகிறோம். அது நம்ம பிள்ளையோட பயம். அதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லீங்க. தென்னை வைத்துப் பிழைக்கிற சாதாரண விவசாயி. நான் செய்த ஒரு தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2018 நவம்பர் 15ஆம் தேதி ராத்திரி. கஜா புயல் வருதுன்னு நாலு நாளாகவே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. என் மகளுக்கு அப்போ ஆறு வயசு. "அப்பா, நம்ம வீட்டுக்குப் புயல் வருமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் கடலோரத்தோட போயிடும், நீ தூங்கு" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்கிற எண்ணம்தான். அவளும் நம்பித் தூங்கினாள். நள்ளிரவுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் கரை கடந்த புயல், விடியறதுக்குள்ளே எங்க ஊரையும் புரட்டிப் போட்டது. கொல்லைப்பக்கத்து ஓடுகள் பறந்த சத்தத்தில்தான் பிள்ளை கண் விழித்தாள். காலையில் கதவைத் திறந்தால் தோப்பே படுத்துக் கிடந்தது.

விழுந்த மரத்துக்குக் கணக்கெடுத்தோம். பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இருட்டினால் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்தது. கீற்று சலசலத்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். "இது சாதாரணக் காத்துதாம்மா" என்றேன் ஒரு நாள். "அன்னைக்கும் நீ இப்படித்தானே சொன்னே?" என்று கேட்டாளே, பார்க்கணும்! என்னிடம் பதில் இல்லைங்க. ஓட்டை ஒரு மாசத்தில் மாற்றிவிட்டேன். என் வார்த்தை மேல் இருந்த நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர இரண்டு வருஷம் ஆச்சு.

பள்ளிக்கூடத்து டீச்சரம்மாதான் எனக்குப் புத்தி சொன்னாங்க. "புயல் வராதுன்னு சொல்லாதீங்க. வந்தா நாம என்ன செய்வோம்னு சொல்லுங்க." இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

முதல் காரியம், புயல்னா என்னன்னு பிள்ளைக்குப் புரியவையுங்கள். கடல் தண்ணீர் சூடாகி ஈரக்காற்று மேலே எழும்புகிறது. சுற்றுப்பக்கத்துக் காற்று அந்த இடத்தை நோக்கிச் சுழன்று ஓடி வருகிறது. தரை ஏறிவிட்டால் அந்தச் சூடும் ஈரமும் கிடைக்காமல் வலு குறைந்துவிடுகிறது. ஆகவே எவ்வளவு பெரிய புயலுக்கும் முடிவு உண்டு. பிள்ளைக்கு இது தெரியவேண்டியது ரொம்ப முக்கியம்.

இன்னொன்று. புயலின் கண் ஊருக்கு நேர் மேலே கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். போய்விட்டது என்று வெளியே வரக்கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். இதை முன்னாடியே சொல்லி வைத்தால் இரண்டாவது காற்றுக்குப் பிள்ளை அவ்வளவாக மிரளாது.

இடிக்குப் பயப்படுகிற பிள்ளையா? வீட்டுக்குள் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள். மின்னல் வெட்டினதும் ஒளி உடனே தெரியும். சத்தம் ஒரு கிலோமீட்டர் வந்துசேர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 9 விநாடி கழித்து இடி கேட்டால், மின்னல் 3 கிலோமீட்டர் தள்ளி வெட்டியிருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பாதிப் பயம் குறையும். ஆனால் இடி காதில் விழுந்த பிறகு வயலில் நிற்பதும் மரத்தடியில் ஒதுங்குவதும் கூடவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்து வெளியே வந்தால் போதும்.

அடுத்தது, பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். ரேஷன் கார்டையும் பள்ளிப் புத்தகத்தையும் பாலிதீன் பையில் போட்டுக் கட்டட்டும். டார்ச் விளக்கையும் ரேடியோவுக்கு பேட்டரியையும் எடுத்து வைக்கட்டும். கட்டுத்தறியில் இருக்கிற மாட்டை அவிழ்த்துவிட நமக்கு ஞாபகப்படுத்தட்டும். கையில் வேலை இருந்தால் மனசு ஓர் இடத்தில் நிற்கும்.

"இவ்வளவு பெரிய பையன் அழறான் பாரு" என்று நாலு பேர் முன்னால் கேலி பேசாதீர்கள். "சேட்டை பண்ணினா புயல் தூக்கிட்டுப் போயிடும்" என்று விளையாட்டுக்குக்கூட மிரட்டாதீர்கள். ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் பதில் சொல்லுங்கள்.

2020 நவம்பரில் நிவர் புயல் கிளம்பினது. "நம்ம ஊருக்கு வருமாப்பா?" என்று மறுபடி கேட்டாள். "வந்தாலும் வரும்மா. ஓட்டு வீட்டில இருக்க வேண்டாம், பொழுதோட பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவோம். நானும் அம்மாவும் உன் கூடத்தான் இருப்போம்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் தானே போய்ப் பையைக் கட்டினாள். கன்றுக்குட்டியை அவிழ்க்கச் சொன்னதும் அவள்தான். அந்தப் புயல் 25ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. எங்க ஊருக்குப் பெரிய சேதம் இல்லை. பள்ளிக்கூடத்து வராண்டாவில் என் மடியில் தலை வைத்து, காற்றுச் சத்தத்திலேயே தூங்கிவிட்டாள். நான்தான் தூங்கவில்லை.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பலத்த காற்று அடித்தால் எழுந்து உட்காருவாள். ஆனால் என்னைக் கேட்பாள், சொன்னால் நம்புவாள். அது போதும் எனக்கு.

ஒரு மாசத்துக்கு மேலும் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்கூடம் போகாமல் இருந்தால் தாயத்துக் கட்டிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் ஆலோசனை சொல்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லீங்க.

மழைக்கு முன்னாலே, வேலை ஓய்ந்த ஒரு சாயங்காலம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். காற்று வந்த பிறகு பேச நேரம் இருக்காது.