லேசர் மந்திரமல்ல



இருதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் லேசர் ஒளியைக் கொண்டு திறந்துவிடலாமாமே, அது என்ன சங்கதி என்று உங்களில் பலர் கேட்டீர்கள். கேட்க வேண்டியதுதான்.

உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை இறைத்துக் கொடுக்கும் இருதயத்திற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலந்தான். உள்ளே கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகினால் மார்வலி. சட்டென்று அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. இதற்குத் தலைவிதி என்று பெயர் வைத்து அழுதுகொண்டிருந்தவர்கள் கோடிப்பேர். 1977ல் ஜூரிச் நகரத்தில் குரூன்ட்ஸிக் என்ற வைத்தியர் அழவில்லை. மெல்லிய குழாயின் நுனியில் சிறு பலூனை வைத்து உள்ளே அனுப்பி, ஊதி, வழியை விரித்துக் காட்டினார்.

பலூனே நுழையாத இடத்தில் என்ன செய்வது? ஒளியால் கரைக்கலாம் என்று சிலர் முயன்றார்கள. முதலில் கையாண்டது சூட்டினால் எரிக்கும் லேசர். அது அடைப்போடு குழாயின் சுவரையும் கருக்கிற்று. சில சமயம் ஓட்டையும் போட்டது.

1981ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிசாலையில் சீனிவாசன், வின், பிளம் என்ற மூவர் வேறு வழி கண்டார்கள். சீனிவாசன் சென்னைச் சர்வகலாசாலையில் படித்தவர். பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பின்மேல் எக்ஸைமர் லேசரின் புறஊதா ஒளியைப் பாய்ச்சினார். பக்கத்துச் சதை கருகாமல் துல்லியமாக வெட்டு விழுந்தது. யாகசாலையில் அல்ல தோழர்களே, எச்சில் மாமிசத்தில் கிடைத்தது இந்த ஞானம்!

இப்பொழுது அவ்வொளியைக் கண்ணாடி நார்கள் வழியாகக் கத்தீட்டருக்குள் அனுப்புகிறார்கள். உப்புநீர் செலுத்தி இரத்தத்தை விலக்கிக்கொண்டு, வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேற்போகாமல் நகர்த்துகிறார்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் லேசர்தானே என்பீர்கள். ஹாலந்து தேசத்தில் நீண்ட அடைப்புள்ள 308 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு லேசரும் மற்றதற்குப் பலூனும் கொண்டு சோதித்தார்கள். லேசர் மேலானதல்ல என்று தெரிந்தது. அதை மறைக்காமல் 1996ல் அச்சிட்டும் விட்டார்கள். தன் சாமிக்குச் சக்தி போதவில்லை என்று எந்தப் பூசாரியாவது துண்டுப்பிரசுரம் போட்டதுண்டா?

ஆகவே இன்று பலூன் நுழையாத கெட்டி அடைப்பு, சரியாக விரியாத ஸ்டென்ட் போன்ற சில இடங்களுக்கே அதை வைத்திருக்கிறார்கள். அங்கும் பெரும்பாலும் லேசருக்குப் பிறகு பலூன் வேண்டியிருக்கிறது. யாராவது உங்களிடம் லேசர் என்று பெரிய பேச்சுப் பேசினால், “எனக்குப் பலூன் மட்டும் ஏன் போதாது?” என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார். ஆனால் மார்வலி வந்த அன்று இந்த விசாரணையெல்லாம் வேண்டாம். விபூதிக்கும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.