பலகைத் தரையின் ஆயுள் அதன் அடியில்

(பிறை வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரை)

 

விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படுகிறோம். வீட்டில் இருப்போர் முதியோரும் குழந்தைகளுமே. அவர்கள் நடமாடும் பலகைத் தரை உளுத்திருந்தால் என்னவாகும்? ஒரு பலகை முறிந்தால் ஒரு கால் முறியும். ஆதலின் இன்று பழைய பலகை வீட்டுத் தரையைப் பற்றிச் சிந்திப்போம்.

பிறை, ஆற்றையும் கடலையும் அடுத்த தாழ்நிலம். நம் முன்னோர் கால் நாட்டி வீட்டை உயர்த்தியது வீணன்று. கீழே காற்று வீசினால் மரம் உலரும். மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சணம் பிடித்து அது மக்கிவிடும். நாமோ தரையடியில் விறகு அடுக்குகிறோம். சுற்றிலும் தகரம் அடித்து அடைக்கிறோம். குளிர்நாட்டார் தரைக்கடியில் பஞ்சு போன்ற பொருளைப் பொருத்துவது குளிரைத் தடுப்பதற்காக. நமக்கு வேண்டியது காற்றோட்டம். எலியைத் தடுக்கக் கம்பி வலை போதும்.

பழுதை அறிவது எளிது. பகல் வெளிச்சத்தில் கீழே குனிந்து, பலகையைத் தாங்கும் சட்டங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் மரம் மக்கிவிட்டது. தூண்களில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான் வந்துவிட்டது.

முதலில் ஒழுகும் குழாயையும் தேங்கும் நீரையும் சரிசெய்ய வேண்டும். ஈரம் நிற்கும் இடத்தில் புதுப்பலகையும் நிலைக்காது. பிறகு, முட்டுக் கொடுத்துத் தரையைத் தாங்கச் செய்து, மக்கிய பகுதியை அறுத்தெடுத்து, பழைய சட்டத்தோடு புதுச்சட்டத்தைப் பக்கவாட்டில் சேர்த்து முடுக்க வேண்டும். புதுச்சட்டம் இருபுறமும் நல்ல மரத்தின்மீது போதிய அளவு நீண்டிருத்தல் அவசியம். மாற்றும் பலகையின் இரு முனைகளும் சட்டத்தின்மேல் அமர வேண்டும். நடுவெளியில் இணைத்தல் ஆகாது.

ஒன்றை மறவாதீர். நாம் நன்கறிந்த ரப்பர் மரம் நாற்காலிக்கும் மேசைக்கும் ஏற்றது. பூச்சியும் பூஞ்சணமும் அதை விரைவில் பற்றும். போரான் மருந்து ஏற்றினாலும் ஈரமான இடத்தில் அம்மருந்து கரைந்துபோகும். எனவே தரைச் சட்டத்துக்கு அது உதவாது.

வீடு தோட்டத்துக்குச் சொந்தமானதாயின், அதை நல்ல நிலையில் பேணுவது முதலாளியின் கடமை என்பது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம். பழுதைக் கண்டவுடன் நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். செவிசாய்க்காவிடில் தொழிலாளர் இலாகாவை அணுகலாம். அடியைத் துப்புரவாக வைத்திருப்பதோ நம் கடமை.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை குனிந்து பாருங்கள். அந்தச் சிறு முயற்சி ஒரு குழந்தையின் காலைக் காக்கும்.