தாய் வரும் வரையில்

மைசூர் நகரின் நடுவே குக்கரஹள்ளி ஏரி, ஓரத்தில் சாமுண்டி மலை, தெருவெங்கும் நிழல்மரங்கள். ஆகவே பிழைப்பை நாடி இங்கு வந்த நம்மவர் வீட்டு வாசல்வரையில் காடும் வந்து நிற்கின்றது. கோடை மழை பெய்து ஓய்ந்தால், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சையோ குட்டியையோ காண்பது இங்கு அரிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், சித்திரை மாதத்துக் காலை ஒன்றில், எங்கள் வீட்டுத் தென்னையடியில் கண் திறவாத அணிற்குட்டி ஒன்று கிடந்தது. இரக்கம் மேலிட்டு உள்ளே எடுத்துச் சென்றோம். பஞ்சில் நனைத்துப் பசும்பால் புகட்டினோம். மறுநாள் அது வயிறு உப்பி இறந்தது. முதல்நாள் மாலை முழுவதும் பெரிய அணில் ஒன்று மதில்மேல் ஓடியோடிக் கத்திக்கொண்டிருந்தது. அது ஏன் கத்திற்று என்பது, குட்டியைப் புதைத்த பின்னரே எங்களுக்கு விளங்கிற்று. அநாதை என்று நாங்கள் எண்ணிய குட்டிக்குத் தாய் இருந்தது, பிரித்தவர்கள் நாங்களே.

இக்காலத்தில் நாம் அறியவேண்டுவது இதுதான்: தனித்துக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதையன்று. மைசூர், மண்டியா வட்டாரங்களில் கரும்பு வெட்டுவோர் சிறுத்தைக் குட்டிகளைக் காண்பதுண்டு. தாய்ச்சிறுத்தை குட்டிகளை மறைத்து வைத்துவிட்டு இரை தேடச் சென்றிருக்கும். வனத்துறையினர் குட்டிகளைக் கண்ட இடத்திலேயே மீண்டும் வைத்து, ஆட்களை விலக்குவர். இரவில் தாய் வந்து கவ்விச் செல்லும். ஆகவே அத்தகைய குட்டியைத் தொடாமல், உடனே விலகி, வனத்துறைக்குச் செய்தி சொல்வதே நம் கடமை.

இறகு முளைத்துத் தரையில் தத்தும் மைனாக் குஞ்சு பறக்கப் பழகுகின்றது. தாழ்ந்த கிளையில் அதை வைத்துவிட்டு அகன்றால் போதும். இறகு முளையாத குஞ்சைக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதர் கைபட்ட குஞ்சைத் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கையே.

காயமுற்றது, பூனை கவ்வியது, தாய் இறந்தது—இவற்றுக்கே நம் உதவி தேவை. குரங்குக் குட்டியையும் வௌவாற்குட்டியையும் வெறுங்கையால் தொடலாகாது. மற்றவற்றைக் காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, வெதுவெதுப்பான இருட்டில் வைக்கலாம். பாலும் தண்ணீரும் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் புகும். சூடே முதல் மருந்து. உணவு பின்னர், அறிந்தவர் கையால். வனத்துறையிடமோ, மைசூரில் இத்தொண்டு புரியும் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பினரிடமோ விரைவில் ஒப்படைத்தல் நன்று.

'நாமே வளர்த்தால் என்ன?' என்று குழந்தைகள் கேட்பர். மனிதர் மடியில் வளர்ந்த விலங்கு அச்சத்தை மறக்கின்றது. இரை தேடவும் கற்பதில்லை. பின்னர் அது காட்டுக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. கூண்டே அதற்குக் கதி. காட்டு விலங்குகள் பலவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

அடுத்த ஆண்டும் அதே தென்னையடியில் ஒரு குட்டி விழுந்தது. அண்டை வீட்டுக் கன்னட அம்மையார் "அளிலு மரி!" என்று குரல் கொடுத்தார். நம் தொல்காப்பியர் மரபியலில் அணிலின் இளமைக்குக் குட்டி, பறழ் என்னும் பெயர்களையும், மானின் இளமைக்கு மறி என்னும் பெயரையும் வகுத்தார். அந்த 'மறி'யை ஒத்த சொல்லையே அவர் வாயில் கேட்டு மகிழ்ந்தோம். இம்முறை சிறு பெட்டியில் துணியிட்டுக் குட்டியை மரத்தடியில் வைத்தோம். அவர் தம் வீட்டுப் பூனையைக் கட்டிப்போட்டார். இரு வீட்டாரும் சன்னலுக்குப் பின்னால் ஓசையின்றிக் காத்திருந்தோம்.

நண்பகலுக்கு முன் தாயணில் இறங்கி வந்தது. குட்டியைக் கவ்விக்கொண்டு மரமேறிற்று. நாங்கள் செய்த உதவி, ஒன்றும் செய்யாமல் நின்றதே.