“விளங்கியதா?” என்று கேட்பதை விடுவோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

நம் பாடசாலையில் படித்த பலர் இன்று பல்கலைக்கழகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் கற்பிக்கிறார்கள். நானும் வார்ட்டில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தோட்டத்துத் தாய் ஒருவர் மூட்டுவாதத்துக்காக என்னிடம் வந்தார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மெதோட்ரெக்சேட் குளிசையை எழுதிக் கொடுத்து, “விளங்கியதா அம்மா?” என்றேன். தலையாட்டினார். வாயெல்லாம் புண்ணாகித் திரும்பி வந்தார். தினமும் எடுத்திருக்கிறார். நல்லவேளை, குணமானார். பிழை என்னுடையது. இப்போது, “வீட்டுக்குப் போய் இதை எப்படி எடுப்பீங்க, சொல்லுங்க” என்றுதான் கேட்கிறேன்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரிந்ததுதான். தமிழில் உயர்தரம் படித்து, ஆங்கில விரிவுரைகளுக்குள் நுழைந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். வாய் திறந்தால் ஆங்கிலம் பிழைக்கும் என்ற பயம். நான்தான் மக்கு என்று நினைத்தேன். 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடம் கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு மொழியின் தூரம் அதைவிடப் பெரிது.

விரிவுரையாளர்களான சகோதரிகளுக்கு மூன்று யோசனைகள்.

ஒன்று, கேள்வி கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டார். மூன்று செக்கன் பொறுத்தபோது பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

இரண்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேச விடுங்கள். ஹாவர்ட் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இது. ஒவ்வொருவரும் முதலில் தனியாக விடையைத் தெரிவு செய்வார்கள்; பிறகு அடுத்தவருக்குக் காரணம் சொல்வார்கள்; மீண்டும் விடை சொல்வார்கள். அந்த இடையில் தமிழோ சிங்களமோ பேசட்டும். விடயம் விளங்கினால் ஆங்கிலம் பின்னால் வரும்.

மூன்று, கடைசி இரண்டு நிமிடத்தில், பெயர் எழுதாத அரைத் தாளில், “இன்று எனக்கு விளங்காதது” என்று எழுதி வாங்குங்கள். அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குங்கள்.

பாடத்திட்டம் முடியாதே என்பீர்கள். உண்மைதான், நானும் சிலவற்றைக் குறைத்து, அவற்றை வாசித்து வரச் சொல்கிறேன். சொல்லி முடித்துவிட்டோம் என்பதால் அவர்கள் படித்துவிட்டார்கள் என்றாகாது. நாளை அவர்கள் முன்னாலும் ஒரு தாய் குளிசையோடு தலையாட்டுவார்.

இந்தப் பாடசாலையில் நம் ஆசிரியைகள் கரும்பலகைக்கு அழைத்து, “செய்து காட்டு” என்பார்கள். அன்று நடுங்கினோம். தலையாட்டியதை நம்பி நம்மை விட்டுவிடாத அந்த ஆசிரியைகளுக்கு என் நன்றி.