பள்ளி மன்றங்களும் மாணவர் எதிர்காலமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார்கள். பள்ளி மன்றங்களைப் பற்றிப் பேச நான் இசைவு கேட்டுப் பெற்றேன். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் தம் முதற் கவிதையை அரங்கேற்றியது ஏதோ ஒரு பள்ளியின் இலக்கிய மன்றத்தில்தானே!

சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்ற நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் என் இல்லம் வந்தான். கல்லூரி விண்ணப்பம் ஒன்றில், தன்னைப் பற்றிப் பத்து வரி எழுதுமாறு கேட்டிருந்தார்கள். தாளை முன்வைத்து ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தான். பெயர், ஊர், மதிப்பெண் என்று மூன்று வரியோடு நின்றுவிட்டது. அவன் தார் சுற்றுவான்; பாவு நீட்டுகையில் தந்தைக்குத் துணை நிற்பான்; இழை அறுந்தால் நொடியில் முடிவான்; ஜக்கார்டு அட்டையைப் பார்த்தே கரையில் வரும் பூவைச் சொல்வான். இவற்றுள் ஒன்றையேனும் எழுதத்தக்கது என்று அவன் எண்ணவில்லை.

அவனுக்கு மூன்றாண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். மன்றத்துக்குரிய வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையைத் தேர்வுப் பயிற்சிக்குக் கேட்டபோது, மறுக்காமல் விட்டுக்கொடுத்தவனும் நானே.

இன்று கதவுகள் பல திறந்துள்ளன. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021ஆம் ஆண்டும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. 2022இல் 'நான் முதல்வன்' திட்டமும், கல்லூரி செல்லும் பெண்பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமும் தொடங்கின. 2024இல் ஆண்பிள்ளைகளுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. ஆயினும் கதவருகே சென்று, நான் இன்னான், எனக்கு இன்னது வேண்டும் என்று சொல்ல நா எழ வேண்டுமே!

அந்நாவைப் பழக்குமிடம் மன்றம். பேச்சுப் போட்டியை மட்டும் நான் கருதவில்லை. மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பரிசுக் கிண்ணம் பெறுவது மன்றத்தின் மிகச் சிறிய பயன். சிறப்பு விருந்தினருக்கு மடல் வரைவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, மாலைக்கும் தேநீருக்கும் ஆன செலவைக் கணக்கு முடிப்பது, பேச வந்தவரிடம் எழுந்து ஒரு வினாத் தொடுப்பது, இவை யாவும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் நேர்வன. சென்னையில் மயிலை சிவமுத்து மாணவர் மன்றம் கண்டு பிள்ளைகளுக்குத் தமிழ்த் தேர்வுகள் நடத்தியதும் வகுப்பறைக்கு அப்பால் ஒரு பயிற்சி தேவை என்றுணர்ந்துதான்.

அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அறிவியலும் கணக்கும் செய்து பார்த்துக் கற்பதற்கானது. 6 முதல் 8 வகுப்பு வரைக்கு உரியது. பத்தும் பன்னிரண்டும் பயில்வோருக்கோ, எதிர்காலத்தை முடிவு செய்யும் அவ்வாண்டுகளிலேயே மன்றம் கைநழுவிப் போகிறது.

இன்னொன்று. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தறிநுட்பத்தையும் சாயவியலையும் அங்கே பட்டயப் படிப்பாகவே பயிலலாம். ஆரணிப் பட்டு நெய்யும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இதனை அறிவர்? என் வீட்டுக்கு வந்த அப்பையனுக்கு நான் சொல்லவில்லை. அன்று எனக்கே தெரியாது.

நாம் என்ன செய்கிறோம்? மன்றத் தொடக்க விழாவுக்குச் செல்கிறோம், பொன்னாடை ஏற்கிறோம், முக்கால் மணி நேரம் முழங்குகிறோம், பிள்ளைகள் கைதட்டியதும் பேருந்து ஏறிவிடுகிறோம். அடியேனும் விலக்கல்லன். என் வீட்டு அலமாரியில் அத்தகைய துண்டுகள் ஓர் அடுக்கு உள்ளன.

ஆகவே அவையின் முன் ஒரு வேண்டுகோள். திங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில், நம் உறுப்பினர் இருவர் மேல்வகுப்பு மாணவருடன் அமரட்டும். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டா. ஒரு முறை அஞ்சலகத்தில் பணிபுரியும் நம் கவிஞர், மறுமுறை தறி நெய்யும் நம் கவிஞர், தத்தம் தொழிலைச் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும், கூட்டக் குறிப்பை அவர்களே எழுதட்டும். பத்து வரிகளில் தன்னைப் பற்றி எழுதும் பயிற்சியை முதல் வெள்ளியன்று நான் நடத்துகிறேன். உடன்வர விரும்புவோர், விருந்துக்குச் செல்லுமுன் செயலாளரிடம் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.