ஒரே படகில் ஒரு நாள்

(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



   

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாகக் கூறியதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி அது. கப்பலில் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் கிடைக்கின்றன. கீழே இருப்போர் தண்ணீருக்காக அடிக்கடி மேலே ஏற வேண்டியுள்ளது. மேலே உள்ளோருக்குத் தொல்லை தராமல் தம் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ளலாம் என அவர்கள் எண்ணுகிறார்கள். தடுத்தால் அனைவரும் தப்புவர். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். சமுதாயம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அந்த உவமையைக் காதால் கேட்பதோடு நில்லாமல், கையில் துடுப்பேந்தி உணரும் ஒரு நாளைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கேரளத்தின் சாலியாற்றில், நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை சுமார் 68 கிலோமீட்டர் தூரத்தை மூன்று நாட்களில் துடுப்புப் போட்டுக் கடக்கும் கூட்டுப் பயணம் பல ஆண்டுகளாக நடந்து வந்துள்ளது. கோழிக்கோட்டு நீர் விளையாட்டுக் கழகம் ஒன்று நடத்தும் இப்பயணத்தில் சிறுவர்களும் முதியவர்களும் வெளிநாட்டினரும் கலந்துகொள்கின்றனர். வழியெங்கும் மிதக்கும் பிளாஸ்டிக் கழிவுகளை அள்ளிப் படகில் சேர்க்கின்றனர். கரையோர மக்களிடம் ஆற்றைக் காப்பது பற்றிப் பேசுகின்றனர். முடிவில் அவர்கள் சேரும் பேப்பூர், மரக்கலம் கட்டும் கலைக்குப் பெயர் பெற்ற துறைமுகம்.

அந்த ஆற்றுக்குக் கசப்பான முன்கதை உண்டு. மாவூரில் 1963இல் தொடங்கிய ரேயான் கூழ் ஆலையின் கழிவுகளால் ஆறு பாழ்பட்டது. வாழக்காடு ஊராட்சித் தலைவராக விளங்கிய கே.ஏ.ரஹ்மான் அவர்கள் மக்களைத் திரட்டிப் போராடினார். 1999 ஜனவரியில் புற்றுநோயால் மறைந்தார். 2001இல் ஆலை மூடப்பட்டது. ஆறு மூச்சுவிட்டது, ஆனால் ஆலையை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. இரண்டும் உண்மை.

தோல் தொழிலால் உணவுண்ணும் நம் பகுதியினருக்கு இக்கதை அந்நியமானதன்று. பாலாற்றை மாசுபடுத்திய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி அதில் வலியுறுத்தப்பட்டது. 2025 ஜனவரி 30 அன்றும் பாலாறு குறித்தே அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புக் கூற நேர்ந்தது. தொழிலும் வாழ வேண்டும், ஆறும் வாழ வேண்டும் என்றால், கப்பலின் இரு தளத்தாரும் ஒன்றாக அமர்ந்து பேசியாக வேண்டும்.

பாலாறு நம் ஊர்வழி ஓடாவிட்டாலும், அதன் நீர் அணைக்கட்டுக் கால்வாய் வழியே காவேரிப்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அந்த ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் கலந்து பூண்டியை நோக்கிச் செல்கிறது. மேலே இருப்பவர் விடுவதையே கீழே இருப்பவர் பெறுகிறார். கரையில் நின்று பார்ப்பவருக்கு ஏரி ஒரு காட்சி. அதன் நடுவே துடுப்புப் போடுபவருக்கோ அது ஒரு பொறுப்பு.

இருவர் அமரும் படகில் ஒருவர் மட்டும் பலமாக வலித்தால் படகு திசைமாறும். முன்னிருப்பவரின் கைவீச்சுக்குப் பின்னிருப்பவர் இசைய வேண்டும். அங்கே முதலாளி, தொழிலாளி என்ற வேறுபாடு செல்லாது. ஜும்ஆவில் தோளோடு தோள் நின்றுவிட்டு, வாசலில் ஸலாம் கூறிப் பிரிந்துவிடும் நமக்கு, அரைநாள் ஒரே படகில் இருப்பது நல்ல பயிற்சியாகும்.

ஆயினும் எச்சரிக்கை முதன்மையானது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். எனவே நீர்வளத் துறையின் அனுமதி, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள், ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை, படகுக்கு உரிய எண்ணிக்கை ஆகியவை இன்றி ஒருவரும் நீரில் இறங்கலாகாது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் படைப்பிரிவு நம் அரக்கோணத்திலேயே உள்ளது. வெள்ளம் வந்தால் இங்கிருந்து படகுகள் புறப்படுகின்றன. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? அவர்களிடம் பாதுகாப்பு விளக்கம் கேட்டுப் பெற நிர்வாகம் முயல வேண்டுகிறேன்.

பருவமழைக்குப் பின் நீர் அமைதியுற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். படகேற விரும்பாதோர் கரையைத் தூய்மை செய்யலாம். பெண்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம். ஏரிநீரைப் பங்கிடும் பிற சமயச் சகோதரர்களையும் ஏரிப் பாசன விவசாயிகளையும் அழைக்க வேண்டும்; அவர்களும் இதே கப்பலின் பயணிகளே.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைத்து, நம் நீர்நிலைகளைக் காக்கும் நற்பேற்றைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.